மந்தையில் ஓர் இடம்

(கெங்குவார்பட்டி மாணவி, இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – விலங்கியல்)

குளிர்காலத்தைக் கழிப்பதற்காக வீட்டையே வண்டியில் ஏற்றிக்கொண்டு தெற்கே இறங்குகிற மனிதர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். கனடாவிலும் அமெரிக்காவின் வடமாநிலங்களிலும் பனி விழத் தொடங்கியதும் புறப்பட்டு, ஃபுளோரிடாவிலோ டெக்சாசிலோ அரிசோனாவிலோ நான்கைந்து மாதம் தங்கிவிட்டு, பனி உருகியதும் ஊர் திரும்புகிறவர்களை அந்நாட்டார் 'பனிப்பறவைகள்' என்று செல்லமாக அழைக்கிறார்கள். அவர்களுடைய வண்டிக்குள் கட்டில் உண்டு, அடுப்பு உண்டு, தண்ணீர்த் தொட்டி உண்டு, கழிவறையும் உண்டு. ஜெர்மானியர்கள் ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் இவ்வாறே இறங்குகிறார்கள். ஆஸ்திரேலியாவில் மட்டும் திசை தலைகீழ். அங்கே குளிருக்குத் தப்புகிறவர்கள் வடக்கே போகிறார்கள். பூமி 23.5 பாகை சாய்ந்து சுற்றுவதால் எத்தனை பேர் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்ப வேண்டியிருக்கிறது, பாருங்கள்!

நம் நாட்டு அரசுகளும் இந்த வண்டிகளின் மேல் கண் வைத்துவிட்டன. கேரள அரசு 2021ஆம் ஆண்டில் கேரவன் சுற்றுலாத் திட்டத்தைக் கொண்டு வந்தது. குமுளியைத் தாண்டினால் வருகிற இடுக்கி மாவட்டத்தில், வாகமண்ணில், அம்மாநிலத்தின் முதல் கேரவன் பூங்கா 2022இல் திறக்கப்பட்டது. தமிழ்நாட்டின் 2023ஆம் ஆண்டுச் சுற்றுலாக் கொள்கையிலும் கேரவன் சுற்றுலா ஒரு பிரிவாக இடம்பெற்றிருக்கிறது. இதையெல்லாம் கேள்விப்பட்ட எங்கள் ஊர்த் தேநீர்க் கடைப் பெரியவர்கள், 'கொடைக்கானல் ஏறுகிற வண்டியெல்லாம் நம்ம காட்ரோட்டைத் தாண்டித்தானே போகுது, இங்கேயே ஒரு மைதானம் போட்டா என்ன?' என்று பேசத் தொடங்கியிருக்கிறார்கள். (காட்ரோடு என்பது மலைப்பாதையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்த பெயர். 'காட்டு ரோடு'தான் அப்படித் தேய்ந்துவிட்டது என்று எங்கள் ஊரில் பாதிப் பேர் சத்தியம் செய்வார்கள்.)

மைதானம் வரட்டும் என்பதே என் கருத்து. ஆனால் அந்த வண்டிகளுக்கு வெகுகாலம் முன்பிருந்தே குளிர்காலத்தில் எங்கள் அடிவாரத்துக்கு வந்து தங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இன்னும் ஓர் இடம் கிடைத்தபாடில்லை. அவர்களைப் பற்றி எழுதவே பேனாவை எடுத்தேன்.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். வத்தலக்குண்டிலிருந்து பெரியகுளம் போகும் சாலையில், கொடைக்கானல் மலையின் காலடியில் இருப்பது கெங்குவார்பட்டி. வானம் தெளிந்த நாளில் நிமிர்ந்து பார்த்தால் தலையாறு அருவி ஒரு வெள்ளை நூலாகத் தொங்குவது தெரியும். வெள்ளைக்காரர்கள் அதை எலியின் வால் என்றார்கள்! அந்த அருவியின் நீர்தான் மஞ்சளாறாகி, அணையில் தேங்கி, எங்கள் பக்கத்து வயல்களுக்கு வருகிறது. நெல், கரும்பு, தென்னை, மா என்று எல்லாம் உண்டு. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நாங்கள் சுமார் 300 மீட்டரில் இருக்கிறோம். ஆயிரம் மீட்டர் இறங்கினால் ஆறரை டிகிரி வெப்பம் கூடும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. அந்தக் கணக்கில் மேலே உள்ளவர்களை விட நாங்கள் பதினோரு டிகிரிக்கு மேல் கொடுத்து வைத்தவர்கள். மார்கழி இரவில் மலைமேல் புல்லில் உறைபனி படிகிறபோது, எங்கள் ஊரில் ஒரு துப்பட்டி போதும்.

அமெரிக்கப் பாதிரிமார்கள் 1845இல் கொடைக்கானலில் வீடு கட்டிக் குடியேறியது சமவெளியின் வெயிலுக்கும் நோய்க்கும் அஞ்சி. மேலே ஏறினவர்களைப் பற்றிப் புத்தகங்கள் நிறைய இருக்கின்றன. குளிர்காலத்தில் இந்த அடிவாரத்தைத் தேடி வந்தவர்களைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

கார்த்திகை பிறந்துவிட்டால் எங்கள் சாலைக்குத் தூக்கம் கிடையாது. ஆந்திரத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் நம் வடமாவட்டங்களிலிருந்தும் சபரிமலை செல்லும் வேன்களும் பேருந்துகளும் தேனி, கம்பம் வழியாகப் போய்க்கொண்டே இருக்கும். கூட்டம் மிகும் நாட்களில் போகிற வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகவும், வருகிற வண்டிகளைக் குமுளி வழியாகவும் திருப்பி விடுவார்கள். அந்த வேன்களுக்குள்ளே பாருங்கள்: கூரைமேல் பாத்திரங்கள், பின்னால் எரிவாயு உருளை, இருக்கைக்கு அடியில் அரிசி மூட்டை, சன்னலில் காயும் கருப்பு வேட்டி. புளியமரத்தடியில் நிறுத்திச் சமைத்து, சாப்பிட்டு, உறங்கி, விடியுமுன் புறப்படுவார்கள். கேரவன் என்ற சொல்லைக் கேட்பதற்கு முன்பே நாம் கேரவன் பார்த்தவர்கள்தாம். தேவதானப்பட்டி மூங்கிலணைக் காமாட்சியம்மன் கோவிலுக்கு மகா சிவராத்திரியில் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு வந்து, வண்டிக்கு அடியிலேயே படுத்து எழுந்த கதையை எங்கள் ஊர்ப் பாட்டிமார் இன்றும் சொல்வார்கள்.

யாத்திரை போகிறவர்களை ஊர் நன்றாகவே கவனிக்கிறது. 'சாமி, மோர் சாப்பிட்டுப் போங்க' என்று வழிமறித்துக் கொடுப்பார்கள். அன்னதானப் பந்தல்கள் உண்டு. அது நல்ல வழக்கம். அதே சாலையில், அதே கார்த்திகையில், இன்னொரு கூட்டம் நடந்து வருகிறது. அதற்கு யாரும் பந்தல் போடுவதில்லை. நான் சொல்வது கிடை ஆட்டுக்காரர்களை.

கிடையைப் பற்றி நகரத்து நண்பர்களுக்குச் சற்று விளக்க வேண்டும். பல குடும்பங்களின் செம்மறி ஆடுகள் ஒன்று சேர்ந்து, ஐந்நூறு முதல் ஆயிரம் வரை ஒரே மந்தையாக மேய்ந்து, இரவில் ஒரு விவசாயியின் நிலத்தில் அடைக்கப்படும். விடிவதற்குள் அந்த நிலம் முழுவதும் புழுக்கையும் மூத்திரமும் நிறைந்துவிடும். அதற்குக் கூலியாக இரவுக்கு இவ்வளவு என்று பணமோ நெல்லோ கொடுப்பார்கள். ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம் என்பது நம் உழவர்கள் கண்ட உண்மை. ஆட்டு மூத்திரத்தில் உள்ள யூரியா மண்ணுக்குள் நேரே இறங்கிவிடுகிறது. மூட்டையில் வருகிற யூரியாவுக்கு வரிசையில் நிற்கிற நாம், நான்கு காலில் நடந்து வருகிற யூரியாவை மறந்துவிட்டோம். கி. ராஜநாராயணன் 'கிடை' என்றே ஒரு குறுநாவல் எழுதியிருக்கிறார், சு. தமிழ்ச்செல்வியின் 'கீதாரி' நாவலும் இம்மக்களைப் பற்றியதே. இரண்டும் நம் கல்லூரி நூலகத்தில் இருந்தால் நல்லது.

இவர்கள் ஏன் குளிர்காலத்தில் ஊரை விட்டுக் கிளம்புகிறார்கள்? இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் புரட்டாசி, ஐப்பசியில் மானாவாரி நெல் விதைத்துவிடுவார்கள். அறுவடை தை, மாசியில். அதுவரை எங்கு பார்த்தாலும் பயிர். ஆடு வாய் வைக்க ஒரு முழ நிலம் கிடையாது. ஊரெல்லாம் பசுமையாக இருக்கும் காலம்தான் ஆட்டுக்காரனுக்குப் பஞ்சகாலம். இன்னொரு காரணத்தை என் பாடத்திலிருந்து சொல்ல முடியும். வடகிழக்குப் பருவமழையில் கண்மாய்க் கரைகளிலும் வயல்களிலும் தண்ணீர் தேங்கி நிற்கும். ஈரத்தில் நின்ற ஆட்டுக்குக் குளம்பு அழுகும். அந்தச் சேற்றில் பெருகும் கியூலிகாய்டஸ் என்னும் பொடிக்கொசு கடித்துச் செம்மறிக்கு நீலநாக்கு நோய் வரும். அடிவாரத்துச் செம்மண்ணில் தண்ணீர் நிற்காது. எனவே தண்ணீர் வடியும் மேட்டு நிலத்தைத் தேடி வருவது வெறும் பழக்கம் அன்று. கொசுவைக் கண்டறிய நுண்ணோக்கி இல்லாத காலத்திலேயே அதற்குத் தப்ப வழி கண்டுபிடித்தவர்கள் இவர்கள்.

என் தாத்தா இப்படித்தான் கமுதிப் பக்கத்திலிருந்து ஆடுகளோடு வந்தார். 10, 12 நாள் நடை. என் அப்பாவும் அப்படியே வந்தார், இன்றும் வருகிறார். நான் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்பதற்காக அம்மா கெங்குவார்பட்டியில் ஒரு வாடகை வீட்டில் நின்றுகொண்டார். அப்பா ஆட்டோடு நின்றுகொண்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். வருகைப் பதிவேட்டில் என் பெயர் கூப்பிடப்படும் நேரத்தில் அப்பா எந்த ஊர்த் தோப்பில் இருப்பார் என்று எனக்கே பல நாள் தெரியாது.

அப்பாவின் 'கேரவன்' எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். இரண்டு தார்ப்பாய்கள், நான்கு மூங்கில், ஒரு கயிற்றுக் கட்டில், சோற்றுப்பானை, குழம்புச்சட்டி, ஒரு குடம், அரிவாள், டார்ச் விளக்கு, மருந்துப் பை. குட்டிகளை அடைக்கிற மூங்கில் கூடு நான்கு. இவற்றையெல்லாம் முன்பு கழுதை சுமந்தது. இப்போது வாடகைச் சரக்கு வண்டியில் முன்னே அனுப்பிவிட்டு ஆட்டோடு பின்னே நடக்கிறார்கள். மார்கழிப் பனியில் பிறந்த குட்டி முதல் இரவைத் தாண்டுவதே பெரிது. தாயிடம் சீம்பால் குடித்ததும் அதைக் கூட்டுக்குள் வைத்துச் சாக்கால் மூடி, பக்கத்தில் நெருப்பு போட்டு, மனிதன் வெளியே படுப்பான். எங்கள் ஆட்டுக்கு மயிர் உண்டே தவிரக் கம்பளி கிடையாது. ஆடு மேய்க்கிறவன் போர்த்திக்கொள்வது சந்தையில் வாங்கிய போர்வைதான். தெருநாய்களும் நரியும் போதாதென்று மலையடிவாரத்தில் சிறுத்தைப் பயமும் சேர்ந்துகொள்ளும். இரவில் ஒருவர் விழித்திருக்க வேண்டும்.

நம் இலக்கியத்துக்கு இந்தக் காட்சி புதிதன்று. நக்கீரரின் நெடுநல்வாடை தொடங்குவதே இப்படித்தான். மழை வெள்ளத்தால் மேய்ச்சல் நிலத்தை விட்டு வேறு நிலத்துக்கு மந்தையை ஓட்டி வந்த கோவலர்கள், கொள்ளி நெருப்பில் கையைக் காய்ச்சியும் குளிர் தீராமல் நடுங்குகிறார்கள். அங்கே மாடு, இங்கே ஆடு. மற்றபடி என் அப்பாவுக்கும் அவர்களுக்கும் இடையே இரண்டாயிரம் ஆண்டுகள் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பெரும்பாணாற்றுப்படையில் வரும் உமணர் வண்டியைக் கல்லூரித் தமிழ் வகுப்பில் கேட்டபோது என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. உப்பு விற்கப் போகும் அந்த வண்டியில் கோழிக்கூடு இருக்கிறது. காடி வைத்த கலம் தொங்குகிறது. குழந்தையை வைத்துக்கொண்டே ஒரு பெண் மாடுகளை ஓட்டுகிறாள். குடும்பமும் சமையலும் கோழியும் சக்கரத்தின் மேல்! கேரவன் சுற்றுலாவை ஏதோ மேல்நாட்டுச் சரக்கு என்று விளம்பரப்படுத்துகிறவர்கள் கடியலூர் உருத்திரங்கண்ணனாரை ஒருமுறை புரட்டலாம்.

மேல்நாட்டுக் கதையும் நாம் நினைக்கிற அளவுக்குப் பளபளப்பானது அன்று. அமெரிக்காவில் 1919இல் ஃபுளோரிடாவின் டாம்பா நகரில், டி சோட்டோ பூங்காவில், இப்படிக் குளிர்காலத்துக்கு வந்து கூடாரமிட்டவர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். 'தகர டப்பாப் பயணிகள்' என்பது அதன் பெயர். காரின் முகப்பில் ஒரு காலி சூப் டப்பாவை மாட்டிக்கொள்வது அவர்களுடைய அடையாளம். தங்களைத் தாங்களே டப்பாக்காரர்கள் என்று சொல்லிக்கொள்ளும் துணிச்சல் எனக்குப் பிடித்திருக்கிறது.

அதைவிட எனக்குப் பிடித்தது அந்நாட்டு அரசு செய்த ஒரு காரியம். அரிசோனாப் பாலைநிலத்தில் குவார்ட்ஸ்சைட் என்று ஒரு சிற்றூர். நிலையாக வாழ்கிறவர்கள் சில ஆயிரம் பேர். குளிர்காலத்தில் அந்தச் சுற்றுப்புறமே வண்டிகளால் நிறைந்துவிடும். பொதுவாக அங்குள்ள அரசு நிலத்தில் ஒரே இடத்தில் 14 நாட்களுக்கு மேல் தங்கக் கூடாது. வருகிறவர்களோ மாதக்கணக்கில் தங்குகிறவர்கள். 'எழுந்து போ' என்று தடியைத் தூக்குவதற்குப் பதிலாக, 1983இல் அந்நாட்டின் நில நிர்வாகத் துறை நெடுநாள் தங்குவோருக்கென்றே சில இடங்களை ஒதுக்கியது. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை, அதாவது நம் ஆவணிக் கடைசியிலிருந்து சித்திரைப் பிறப்பு வரை, அனுமதிச் சீட்டு வாங்கித் தங்கலாம். பல ஆண்டுகளாக அந்த ஏழு மாதத்துக்கும் சேர்த்துக் கட்டணம் 180 டாலராகத்தான் இருந்தது. நம் பணத்தில் ஏறக்குறைய 15,000 ரூபாய். நாளொன்றுக்கு எழுபது ரூபாய்ச் சொச்சம். ஊரை ஒட்டிய லா போசா என்னும் இடத்தில் குடிநீரும் கழிப்பறையும் உண்டு. வண்டியின் கழிவை இறக்கவும் குப்பையைப் போடவும் இடம் உண்டு. மாளிகை எதுவும் அங்கே கட்டவில்லை. தரை, தண்ணீர், தங்கியிருக்கலாம் என்று எழுதிய ஒரு சீட்டு. அவ்வளவுதான்.

அங்கே வருகிறவர்கள் எல்லாரும் ஓய்வூதியச் சீமான்கள் என்றும் எண்ணிவிடாதீர்கள். ஜெசிக்கா புரூடர் என்ற பத்திரிகையாளர் 2017இல் 'நோமாட்லேண்ட்' என்ற நூலை எழுதினார். அதைத் தழுவிய திரைப்படம் 2021இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் விருது பெற்றது. 2008ஆம் ஆண்டுப் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் வீட்டுச் செலவைத் தாங்க முடியாமல் வேனுக்குள் குடிபுகுந்த முதியவர்களின் கதை அது. அவர்கள் சர்க்கரைக்கான பீட்ரூட் அறுவடைக்குப் போகிறார்கள். பண்டிகைக் காலத்தில் அமேசான் கிடங்குகளில் பொட்டலம் கட்டினார்கள். குளிர்காலத்துக்கு அரிசோனா வருகிறார்கள். கரும்பு வெட்ட வெளியூரிலிருந்து குடும்பத்தோடு வந்து வயலோரம் குடிசை போட்டிருப்பவர்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புரியாத கதையா? அங்கே பீட்ரூட், இங்கே கரும்பு.

இப்போது நம் பக்கத்துக்கு வருவோம். கிடைக்காரருக்குத் தரையும் தண்ணீரும் சீட்டும் உண்டா? சென்ற ஆண்டு மார்கழியில் ஓர் ஊரின் கண்மாய்க்கரையில் அப்பாவும் மற்றவர்களும் தங்கியிருந்தபோது, இரவு 11 மணிக்கு வந்து, விடிவதற்குள் காலி செய்யச் சொன்னார்கள். ஊரில் ஏதோ திருட்டு நடந்ததாம். வெளியாட்கள் யாரும் இருக்கக் கூடாதாம். சினை ஆடுகளையும் நான்கு நாள் குட்டிகளையும் வைத்துக்கொண்டு பனியில் ஏழு கிலோமீட்டர் நடந்தார்கள். மூன்று குட்டிகள் வழியிலேயே போயின. ஒரு குட்டியின் விலையை நான் இங்கே எழுதப் போவதில்லை. என் ஒரு பருவத்துத் தேர்வுக் கட்டணத்தோடு ஒப்பிட்டு அம்மா சொன்னதை மட்டும் மறக்க முடியவில்லை. திருடன் பிடிபட்டபோது அவன் அந்த ஊர்க்காரன்தான் என்று தெரிந்தது. அதை வந்து சொல்ல அப்பா எந்தத் தோப்பில் இருக்கிறார் என்று யார் தேடுவார்கள்?

ஊரூராகப் போகிறவருக்கு முகவரியும் ஒரு சிக்கல். ஒரே நாடு ஒரே குடும்ப அட்டைத் திட்டம் தமிழ்நாட்டில் 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. இருக்கும் இடத்திலேயே அரிசி வாங்கலாம் என்பது அதன் கருத்து. சிறந்த திட்டம் என்பதில் ஐயமில்லை. ஆனால் தோப்பிலிருந்து கைரேகை வைக்கப் போன அப்பாவிடம் ஒரு கடையில், 'எங்க ஊர்க் கார்டுக்கே இன்னும் முடியல, அடுத்த மாசம் வா' என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த மாதம் கிடை வேறு ஊரில் இருக்கும். அன்றிரவு தொலைபேசியில் அப்பா சொன்னார்: "ஆட்டு மூத்திரம் வேணும்ங்கிறாக, ஆட்டுக்காரன் வேணாம்ங்கிறாக." இதைவிடச் சுருக்கமாக இக்கட்டுரையை எழுத என்னால் முடியாது.

காட்டைப் பற்றியும் பேசியாக வேண்டும். மேகமலைக் காடுகள் தொடர்பான வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 2022 மார்ச்சில் முதலில் மாநிலத்தின் எல்லாக் காடுகளிலும் கால்நடை மேய்ச்சலைத் தடைசெய்தது. அதே மாதத்திலேயே, தடை தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் என்று திருத்தியது. திருவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் 2021இல் அறிவிக்கப்பட்டது. கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் 2013இல் அறிவிக்கப்பட்டது. ஆக, எங்கள் மாவட்டத்தில் நிமிர்ந்து பார்க்கிற மலையில் பெரும்பகுதி ஆட்டுக்கு இல்லை. விலங்கியல் படிக்கிற நான் இதை எதிர்த்து முழக்கமிடப் போவதில்லை. வைகைக்கும் மஞ்சளாற்றுக்கும் தண்ணீர் அந்தக் காடுதான் தருகிறது. வீட்டு ஆட்டிலிருந்து காட்டு விலங்குக்கு நோய் தொற்றும் என்பதும் பொய்யன்று. ஆனால் காட்டுக் கதவை மூடினால் ஊர்க் கதவைத் திறக்க வேண்டாமா?

ஊர்க் கதவு என்று நான் சொல்வது மந்தையை. ஒவ்வொரு தமிழ்க் கிராமத்திலும் மந்தை என்று ஒரு பொது இடம் இருந்தது. கால்நடைகள் கூடி நின்ற இடம். கூத்து நடந்த இடம். வழிப்போக்கன் துண்டை விரித்துப் படுத்த இடம். பழைய நில ஆவணங்களில் மந்தைப் புறம்போக்கு, மேய்ச்சல் புறம்போக்கு என்று தனித்தனியே எழுதி வைத்தார்கள். பிறகு அந்த இடத்தில் கட்டடம் வந்தது, மேல்நிலைத் தொட்டி வந்தது, வண்டி நிறுத்தம் வந்தது. எல்லாம் தேவைதான், ஆனால் பெயரில் மட்டும் மந்தை இருக்கிறது, மந்தைக்கு இடமில்லை. கேரவன் மைதானத்துக்கு இடம் தேடுகிறபோது நம் கண்ணில் படப்போவது எஞ்சியிருக்கிற இத்தகைய நிலங்கள்தாம். அதனால்தான் இப்போதே சொல்கிறேன்.

என் யோசனை எளியது. அடிவாரத்தில் மைதானம் அமையுமானால் அதைக் கேரவனுக்கு மட்டும் என்று கம்பி வேலி போட்டுப் பூட்டாதீர்கள். ஒரு பகுதி சுற்றுலா வண்டிக்கு. ஒரு பகுதி கார்த்திகை, மார்கழியில் மலைக்குப் போகிற வேன்களுக்கு. காற்று வீசும் திசைக்கு அப்பால், தள்ளி ஒரு பகுதி கிடைக்கு. மூன்றுக்கும் வேண்டியவை ஒன்றேதான்: தண்ணீர், கழிப்பறை, விளக்கு, இரவில் யாரும் வந்து எழுப்ப மாட்டார்கள் என்ற உறுதி. கிடைப் பகுதியில் ஆடு குடிக்க ஒரு நீளத் தொட்டி இருந்தால் போதும். ஐப்பசியில் மந்தை வந்ததும் கால்நடை மருத்துவர் ஒருமுறை வந்து ஆட்டுக்கொல்லி நோய்க்கும் நீலநாக்கு நோய்க்கும் தடுப்பூசி போட்டுவிட்டால், ஊர் ஆடுகளுக்கும் அது காப்பு. எந்த மந்தை எங்கே இருக்கிறது என்ற கணக்கும் தானே கிடைத்துவிடும். இப்போது மருத்துவர் தேடி வந்தாலும் மந்தை இடம் மாறியிருக்கும்.

இதை விடுதி அறையில் சொன்னபோது ஒரு தோழி கேட்டாள்: "இப்படியே அலையணுமா? ஒரு இடத்துல நெலையா இருக்கச் சொல்லேன்." நியாயமான கேள்வி போலத் தோன்றும். ஆயிரம் ஆட்டை ஒரே ஊரில் ஆண்டு முழுவதும் நிறுத்தினால் ஆறு மாதத்தில் அந்த ஊரில் புல் இருக்காது. நகர்வதால்தான் ஆடும் பிழைக்கிறது, நிலமும் பிழைக்கிறது. கனடாக்காரர் ஆண்டுக்கு இருமுறை ஆயிரக்கணக்கான மைல் வண்டி ஓட்டினால் அது வாழ்க்கையை ரசிப்பது. கமுதிக்காரர் நூற்றைம்பது கிலோமீட்டர் நடந்தால் அது அலைச்சல்! தோழி சிரித்தாள், ஆனால் ஒப்புக்கொண்டாளா என்று தெரியவில்லை.

உண்மையில் நேரம் அதிகம் இல்லை. இந்தப் பங்குனியோடு ஆட்டை விற்றுவிடலாமா என்று அப்பா பேசத் தொடங்கியிருக்கிறார். எங்கள் பங்கு 80 ஆடுகள். நான் படித்து வேலைக்குப் போய்விடுவேன், பிறகு எதற்கு இந்தப் பிழைப்பு என்பது அவர் கணக்கு. அவருடைய முழங்கால் வலியை நான் அறிவேன். விற்க வேண்டும் என்று அவரே விரும்பினால் விற்கட்டும். ஆனால் இராத்தூக்கத்துக்கு இடம் கிடைக்காமல் விற்றார் என்று இருக்கக் கூடாது. அவரோடு கிடை சேர்க்கிற குடும்பங்களில் படிக்கிற பிள்ளைகள் இன்னும் ஆறு பேர் இருக்கிறார்கள். அவர்களுடைய கட்டணமும் அந்த ஆடுகளின் முதுகில்தான் வருகிறது.

நம் பேராசிரியர்களில் சிலர் கேட்கப் போகிற கேள்வி எனக்குத் தெரியும்: 'பணம் யார் கொடுப்பது, அம்மா?' கேரவன்காரர் இரவுக்கு ஐந்நூறு ரூபாய் தயங்காமல் கொடுப்பார். மலைக்குப் போகிற வேன் நூறு கொடுக்கும். கிடைக்காரரிடம் காசு கேட்க வேண்டாம். ஆயிரம் ஆடு ஓர் இரவு நின்ற தரையில் விழுந்து கிடப்பதைக் காலையில் கூட்டி அள்ளிக் குவித்து வையுங்கள். மாந்தோப்புக்காரர்களும் தென்னந்தோப்புக்காரர்களும் டிராக்டரோடு வந்து நிற்பார்கள். பேரூராட்சி அந்தக் குவியலை ஏலம் விட்டால், மைதானத்துக் கழிப்பறையைக் கழுவுகிறவருக்குச் சம்பளம் அதிலேயே வந்துவிடும்.